கோகா தோஷிஹிகோ: 71 கிலோவில் ஒரு தோள்வீச்சு

கேள்வி இதுதான்: ஜூடோவில் ஜப்பானுக்கு இத்தனை சாம்பியன்கள் இருக்கும்போது, ஒரே ஒரு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய கோகா தோஷிஹிகோவை ஏன் தனியாகத் தூக்கிப் பேசுகிறார்கள்? அவருடைய தோள்வீச்சில் அப்படி என்ன இருந்தது, அதை மற்றவர்கள் பழக முடியுமா?

பதக்கக் கணக்கு மட்டும் பார்த்தால் அவரைத் தாண்டியவர்கள் உண்டு. 60 கிலோவில் நொமுரா தாதஹிரோ 1996, 2000, 2004 என்று தொடர்ந்து மூன்று ஒலிம்பிக் தங்கம் எடுத்தார். 73 கிலோவில் ஓனோ ஷோஹெய் ரியோவிலும் டோக்கியோவிலும் ஜெயித்தார். கோகாவின் கணக்கில் ஒரு ஒலிம்பிக் தங்கம், ஒரு வெள்ளி, மூன்று உலகப் பட்டங்கள். ஆனாலும் ஜூடோ ஆடுகிறவர்கள் அவருடைய பழைய ஒளிப்பதிவுகளை இன்றைக்கும் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதற்குக் காரணம், எடை குறைந்த உடலால் என்னவெல்லாம் முடியும் என்பதை இப்போன் செயோய் நாகே என்ற ஒரே வீச்சின் வழியாக அவர் கடைசி எல்லை வரை இழுத்துக் காட்டியதுதான். எதிராளியின் ஒரு கையைத் தன் கைமடிப்பில் கவ்விக்கொண்டு, முதுகில் ஏற்றி, தோளுக்கு மேலாக மல்லாத்துகிற வீச்சு அது.

எடைப்பிரிவைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் எண்கள் குழப்பும். கோகா ஆடிய காலத்தில் ஆண்களுக்கு 60, 65, 71, 78, 86, 95, அதற்கு மேல் என ஏழு பிரிவுகள். லைட்வெயிட் என்றால் 71. பின்னால் அளவுகள் மாறி அது 73 ஆனது. இந்த லைட்வெயிட்டில் ஜப்பான் நினைத்த அளவுக்குக் கொடிகட்டிப் பறக்கவில்லை. 1964இல் நாகாதானி தாகேஹிதேவும் 1972இல் கவாகுச்சி தாகாவோவும் தங்கம் எடுத்தார்கள். அதன்பிறகு இருபது வருடம் ஒன்றும் இல்லை. ஐரோப்பா, சோவியத், கொரியா எல்லாம் மொய்த்துக் கிடந்த பிரிவு அது.

கோகா பிறந்தது 1967 நவம்பர் 21, ஃபுகுஓகா மாநிலத்தில். வளர்ந்தது பக்கத்து மாநிலமான சாகாவில். தொடக்கப்பள்ளி முடிந்ததும் டோக்கியோ செதகாயாவில் இருந்த கோடோகாக்குஷா என்ற தனியார் ஜூடோ விடுதிப் பள்ளிக்கு வந்துவிட்டார். பையன்கள் அங்கேயே தங்கி, பக்கத்துப் பள்ளிகளில் படித்துக்கொண்டு, மீதி நேரமெல்லாம் ஜூடோ பழகுகிற இடம். யொஷிதா ஹிதெஹிகோ, சிட்னியில் 81 கிலோ தங்கம் எடுத்த தாகிமோத்தோ மகோத்தோ, பிற்பாடு ஓனோ ஷோஹெய் எல்லாரும் அங்கிருந்து வந்தவர்கள்தான். அதன்பின் கோகா நிப்பான் விளையாட்டு அறிவியல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

1987இல் எஸ்ஸன் நகரில் நடந்த உலகப் போட்டியில் வெண்கலம். அந்த வருடம் 71 கிலோ பட்டத்தை எடுத்தவர் அமெரிக்காவின் மைக் ஸ்வெயின். அடுத்த வருடம் சியோல் ஒலிம்பிக். பெரிய எதிர்பார்ப்போடு போன கோகா மூன்றாவது சுற்றிலேயே சோவியத்தின் கியோர்கி தெனாட்ஸேயிடம் தோற்று வெளியேறினார். அந்த ஒலிம்பிக்கில் ஜப்பானுக்கு ஜூடோவில் கிடைத்த ஒரே தங்கம் கடைசி நாளில் கனஎடையில் சாய்த்தோ ஹிதோஷி எடுத்தது. வெறுங்கையோடு திரும்பிய இளைஞர்களின் மேல் விழுந்த விமர்சனம் லேசானதல்ல.

1989இல் பெல்கிரேடில் அதே ஸ்வெயினை இறுதியில் வென்று கோகா முதல் உலகப் பட்டத்தை எடுத்தார். 1991இல் பார்சிலோனாவில், ஸ்பெயின் வீரர் ஹோவாகின் ரூயிஸை அவருடைய சொந்த ஜனங்களின் முன்னாலேயே வென்று இரண்டாவது பட்டம்.

இந்த இரண்டு பட்டங்களுக்கும் நடுவில், 1990 ஏப்ரலில் நடந்த ஒரு தோல்விதான் ஜப்பானியர் மனத்தில் அவரை நிலைநிறுத்தியது. அகில ஜப்பான் சாம்பியன்ஷிப்புக்கு எடைப்பிரிவே கிடையாது. ஆண்டுதோறும் டோக்கியோவின் நிப்பான் புடோகானில், யார் எவ்வளவு எடை என்ற பேச்சே இல்லாமல் நாட்டின் ஆகச் சிறந்த ஒருவரைக் கண்டுபிடிக்கிற போட்டி. பெரும்பாலும் நூறு கிலோவுக்கு மேற்பட்டவர்களின் களம். 1967இலும் 1969இலும் 80 கிலோ ஒகானோ இசாவோ அதை ஜெயித்ததே அதிசயமாகப் பேசப்பட்டது. கோகா ஏறக்குறைய 75 கிலோவில் அதில் இறங்கி, தன்னைவிடக் கனமானவர்களை ஒவ்வொருவராகத் தாண்டி இறுதி வரை வந்துவிட்டார். அங்கே நின்றவர் ஒகாவா நவோயா. 193 செ.மீ. உயரம், 130 கிலோவை ஒட்டிய எடை, அப்போதைய உலகச் சாம்பியன். கோகாவின் உயரம் 169 செ.மீ. நெடுநேரம் தாக்குப்பிடித்த பிறகு ஒகாவா தன் காலைக் குறுக்கே நீட்டி, அதைச் சுற்றி உருட்டிவிடுகிற ஆஷி குருமாவில் கோகாவைத் தூக்கி எறிந்து முடித்தார். பழைய நாவல் ஒன்றின் ஜூடோ நாயகன் பெயரை வைத்து ‘ஹெய்செய் கால சன்ஷிரோ’ என்று கோகாவைச் சொல்வார்கள்; ஹெய்செய் என்பது 1989இல் தொடங்கிய ஜப்பானிய அரச காலம். பட்டங்களைவிட இந்த ஆட்டம்தான் அந்தப் பெயருக்கு அவரைத் தகுதியாக்கியது என்பது என் கருத்து.

எடை குறைந்தவர் கனமானவரிடம் செயோய் நாகேயைக் கொண்டுபோவதற்கு ஒரு தெளிவான காரணம் உண்டு. பெரிய ஆள் குட்டையான ஆளைப் பிடிக்கும்போது கை மேலிருந்து காலரின் மேலோ முதுகின் மேலோ விழும். அந்தக் கை உயரும்போதே அக்குளுக்கு அடியில் இடம் திறந்துகொள்கிறது. குட்டையானவருடைய இடுப்பு இயல்பாகவே எதிராளியின் பெல்ட்டுக்குக் கீழே இருப்பதால், அடியில் நுழைய அதிகமாகக் குனியத் தேவையில்லை. பெரியவர் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தால் அந்த வேகமும் வீச்சுக்குத்தான் சேரும். இவ்வளவு சாதகம் இருந்தும் ஏன் எல்லாராலும் முடிவதில்லை? எதிராளி ஒரு நொடி முந்திக்கொண்டு இடுப்பைத் தாழ்த்திப் பின்னால் உட்கார்ந்துவிட்டால், திரும்பி நிற்கிறவர் 130 கிலோவைத் தன் முதுகில் கட்டிக்கொண்டு மாட்டிக்கொள்கிறார். அப்படியே பின்புறமாகத் தூக்கிப் போட்டுவிடலாம், கழுத்தையும் நெரித்துவிடலாம். இதற்கு கோகா கண்ட விடை மூன்று இடங்களில் தெரியும்.

முதலாவது, இடது கை. பாடநூல் முறையில் வலப்பக்கம் வீசுகிறவர் இடது கையால் எதிராளியின் வலது சட்டைக்கையை, முழங்கையை ஒட்டிப் பிடிப்பார். கோகாவின் இடது கை எதிராளியின் வலப்பக்கக் காலரில், மார்பு உயரத்தில் இருக்கும். சட்டைக்கையை இழுத்தால் முதலில் வருவது கை மட்டும்தான். உடம்பு பின்னாலேயே தங்கிவிட வாய்ப்பு உண்டு. காலரை இழுத்தால் நெஞ்சும் சேர்ந்து வரும். இன்னொரு லாபமும் இருக்கிறது. காலரில் இடது கை இருப்பதைப் பார்க்கிற எதிராளி இடப்பக்கத் தாக்குதலுக்குத் தயாராகிறார். வீச்சோ வலப்பக்கம் வருகிறது. வலது கை எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லையென்றால் அது எப்போது நுழையும் என்று ஊகிக்கவே முடியாது. இதற்குக் கொடுக்க வேண்டிய விலை, எதிராளியின் வலது கை கட்டுப்படாமல் இருப்பது. கைமடிப்பில் கவ்வுகிற அந்த ஒரு கணம் பிசகினால் அவர் கையை உருவிக்கொள்வார்.

இரண்டாவது, கால்கள். வழக்கமாக இரண்டு பாதங்களும் எதிராளியின் பாதங்களுக்கு நடுவில், தோள் அகலத்துக்கும் குறைவாக வந்து நிற்கும். கோகா கால்களை அகலமாகப் பிளந்து நுழைவார். வலது கால் எதிராளியின் வலது காலுக்கு வெளியே, அதை மறிக்கிற மாதிரி போய்விடும். இடுப்பும் அதே பக்கம் தள்ளி நிற்கும். எதிராளிக்கு வலப்பக்கமாகச் சுற்றி ஓடித் தப்ப வழி இருக்காது.

மூன்றாவது, உயரம். அவர் மண்டியிட்டு விழுவதில்லை. நின்றபடியே நுழைந்து, நுனிக்கால்களில் எழும்பி, முழங்கால்களை நிமிர்த்தி எறிவார். மண்டியிட்டுச் செய்கிற செயோயில் எதிராளி சரிந்து உருளுவார், அல்லது வயிற்றின் மேல் விழுந்து தப்பிப்பார். நின்று எறிந்தால் விழுகிற தூரம் அதிகம். முதுகு முழுதாகத் தரையில் அறையும், முழுப்புள்ளியான இப்போன் கிடைக்கும். எதிராளியின் கால்கள் வானத்தைப் பார்க்கிற அந்தப் படங்களெல்லாம் இப்படி வந்தவைதான்.

அப்போதைய விதிகளையும் சேர்த்து யோசிக்க வேண்டும். காலைக் கையால் பிடிப்பது அன்று தடை செய்யப்படவில்லை. 2010இல் தொடங்கித்தான் அது படிப்படியாக நின்றது. செயோய்க்கு முதுகைக் காட்டித் திரும்புகிறவரின் காலைப் பிடித்துத் தூக்கிவிடுகிற ஆபத்து கோகாவுக்கு ஒவ்வொரு முயற்சியிலும் இருந்தது. அரைகுறையாக நுழைந்து பார்க்கிற சலுகை அவருக்கு இல்லை. முழுசாகச் சுழன்று உள்ளே போக வேண்டும், அல்லது போகவே கூடாது.

இப்போது பார்சிலோனா, 1992. போட்டிக்குச் சுமார் பத்து நாள் முன்னால், அங்கேயே நடந்த பயிற்சியில் தன் கோடோகாக்குஷா இளையவரான யொஷிதாவோடு ரன்டோரி, அதாவது இருவரும் எதிர்த்து ஆடுகிற பயிற்சி ஆட்டம், ஆடும்போது கோகாவின் இடது முழங்கால் லிகமெண்ட் கிழிந்தது. நடப்பதே பெரும்பாடு. எந்த முழங்காலில் அடிபட்டாலும் ஜூடோவில் கஷ்டம்தான், ஆனால் வலப்பக்கச் செயோய் வீசுகிறவருக்கு இடது முழங்கால்தான் உயிர்நாடி. வலது பாதம் முன்னால் போனதும் உடம்பு சுழன்று, இடது பாதம் பின்னால் வந்து எடையை ஏற்கிறது. கோகா மாதிரி வலது காலை வெளியே நீட்டுகிறவருக்கு இரண்டு பேர் எடையும் அந்த ஒரு காலின் மேல்தான் வந்து நிற்கும். அதுவும் வெறும் பாரமாக நிற்பதில்லை, திருகலோடு வந்து நிற்கும்.

எடைக் குறைப்பும் சிக்கலானது. ஓடி வியர்த்து இறக்க வேண்டிய எடையை, காலை அசைக்க முடியாததால் சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்தே இறக்க வேண்டியிருந்தது. 71ஐத் தாண்டினால் காயம் ஆறினாலும் ஆட முடியாது. ஜூலை 30இல் யொஷிதா 78 கிலோவில் எல்லா ஆட்டங்களையும் இப்போனிலேயே முடித்துத் தங்கம் வாங்கினார். கோகாவைக் காயப்படுத்திவிட்டோம் என்ற பாரத்தோடு ஆடியவர் அவர். மறுநாள், ஜூலை 31, வலி மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு கோகா களத்துக்கு வந்தார்.

அன்றைய ஆட்டங்களைப் பார்த்தால் அவர் தன் ஆட்டத்தைச் சுருக்கிக்கொண்டது தெரியும். தேவையில்லாமல் நகர்வதில்லை. பிடிச்சண்டையில் நேரம் கரைப்பதில்லை. செயோயோடு, முதுகால் தரையில் விழுந்து பாதத்தால் எதிராளியைத் தலைக்கு மேல் எறிகிற தோமோயே நாகேயையும் கலந்தார். நிற்கிற காலின் மேல் திருகல் விழாத வீச்சு அது. இறுதியில் ஹங்கேரியின் பெர்டலான் ஹாய்டோஷ். ஐந்து நிமிடமும் யாரும் யாரையும் விழத்தாட்டவில்லை. நடு நடுவரும் இரண்டு ஓர நடுவர்களும் கொடியைத் தூக்கி வெற்றியாளரைச் சொல்கிற முறை அப்போது இருந்தது. கொடிகள் கோகாவின் பக்கம் எழுந்தன. அவர் இரண்டு கைகளையும் முறுக்கிக்கொண்டு வாய்விட்டுக் கத்தினார், பார்வையாளர் பகுதியில் யொஷிதா அழுதுகொண்டிருந்தார். லைட்வெயிட்டில் ஜப்பானின் இருபது வருட வறட்சி அங்கே தீர்ந்தது.

பிறகு கோகா ஒரு எடைப்பிரிவு மேலேறி 78க்குப் போனார். 1995இல் சிபாவின் மகுஹாரியில் நடந்த உலகப் போட்டியில், பார்சிலோனா 71 கிலோவில் வெண்கலம் வாங்கியிருந்த இஸ்ரேலின் ஓரென் ஸ்மாஜாவை இறுதியில் வென்று மூன்றாவது உலகப் பட்டம். இரண்டு எடைப்பிரிவுகளில் உலகச் சாம்பியன் ஆவது அரிது. அதிலும் ஏழு கிலோ கூடுதலாக உள்ள பிரிவில் அதே வீச்சை வைத்துக்கொண்டு ஜெயிப்பது இன்னும் அரிது. 1996 அட்லாண்டாவில் மறுபடி இறுதி, பிரான்ஸின் ஜமெல் புராஸிடம் மறுபடி கொடித் தீர்ப்பு. இந்த முறை கொடிகள் எதிர்ப்பக்கம் எழுந்தன, வெள்ளி. அதே ஒலிம்பிக்கில் அவர் விட்டுப்போன 71 கிலோவில் நாகமுரா கென்சோ தங்கம் எடுத்தார். கோகா 2000இல் ஓய்வு பெற்றார்.

அவருடைய ஒலிம்பிக் தங்கம், வெள்ளி இரண்டுமே கொடியால் தீர்மானிக்கப்பட்டவை என்பதைக் கவனியுங்கள். இன்று ஒலிம்பிக்கில் கொடித் தீர்ப்பே கிடையாது. சமநிலை என்றால் யாராவது புள்ளி எடுக்கும் வரை, அல்லது தண்டனைகள் சேர்ந்து ஒருவர் வெளியேறும் வரை ஆட்டம் நீளும். பார்சிலோனாவில் அந்த முழங்காலோடு இன்னும் ஐந்து நிமிடம் ஆட வேண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. அட்லாண்டாவில் நீட்டிப்பு அவருக்குச் சாதகமாக இருந்திருக்குமா என்பதும் அப்படித்தான்.

பயிற்சியாளராக அவர் செய்ததும் கொஞ்சமல்ல. 2003இல் கவாசாகியில் கோகா ஜுக்கு என்ற பயிற்சிப்பள்ளியைத் திறந்தார். அவரிடம் பழகிய தனிமோத்தோ அயூமி ஏதென்ஸிலும் பெய்ஜிங்கிலும் 63 கிலோ தங்கம் எடுத்தார், இரண்டிலும் எல்லா ஆட்டங்களும் இப்போனில் முடிந்தவை. கொடிக்கு ஆட்டத்தை விட்டுவிடாதே என்று அவர் கற்றுக்கொடுத்ததாகத்தான் அந்த ஆட்டங்களைப் பார்க்கத் தோன்றுகிறது. ஒகயாமாவில் உள்ள பல்கலைக்கழகம் ஒன்றின் பெண்கள் அணியையும் பார்த்துக்கொண்டார், ஹிரோசாகி பல்கலைக்கழகத்தில் மருத்துவத் துறையில் முனைவர் பட்டமும் வாங்கினார். 2021 மார்ச் 24 அன்று புற்றுநோயால் காலமானார். வயது 53.

பழக முடியுமா என்றால், முடியும். ஆனால் கால் பிளப்பதிலிருந்து தொடங்கக் கூடாது. ஒளிப்பதிவில் கண்ணைப் பறிப்பது அதுதான், எல்லாரும் முதலில் காப்பியடிப்பதும் அதைத்தான். வழக்கமான இப்போன் செயோய் நாகே கையில் படியாமல் அதைச் செய்தால் இடுப்பு எதிராளியின் உடம்பைத் தொடாமல் வெளியே போய்விடும், முதுகுக்கும் அவர் நெஞ்சுக்கும் நடுவில் இடைவெளி விழும், வீச்சு வெறும் தோள் பலத்தில் நடக்கும். ஒரு மாதத்தில் தோள்மூட்டு வலிக்க ஆரம்பிக்கும்.

முதல் இரண்டு வாரம் திரும்பவே வேண்டாம். இடது கையால் காலரைப் பிடித்து, கட்டைவிரல் கீழ்நோக்கிச் சுழலும்படி மணிக்கட்டைத் திருப்பி, உங்கள் கண் உயரத்துக்கு இழுங்கள். சரியாக இழுத்தீர்களா என்பதற்கு ஒரே சோதனை, எதிரில் நிற்கிறவரின் குதிகால் விரிப்பிலிருந்து எழ வேண்டும். எழவில்லை என்றால் மீதி எதைச் செய்தும் பயனில்லை. பலரும் வயிற்றை நோக்கிக் கீழே இழுக்கிறார்கள். அப்படி இழுத்தால் எதிராளி இன்னும் உறுதியாகத்தான் ஊன்றுவார்.

அது வந்தபிறகு வலது பாதத்தை எதிராளியின் வலது பாதத்துக்கு முன்னால், ஒரு பாதம் தள்ளி வையுங்கள். குதிகாலை ஊன்றாமல் முன்பாதத்தில் சுழலுங்கள். முழங்கால் காயங்களில் பாதிக்கு மேல் இங்கேதான் தொடங்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. பாதம் விரிப்பில் ஒட்டிக்கொண்டு நிற்க, மேலே உடம்பு மட்டும் சுழன்றால் திருகல் முழுவதும் முழங்காலுக்குப் போகிறது. விரிப்புகளுக்கு நடுவில் இடைவெளி இருந்தால் பயிற்சிக்கு முன் தள்ளி ஒட்டிவிடுங்கள், கால்விரல் அதில் சிக்கினாலும் இதே கதைதான். சுழலும்போது வலது கை எதிராளியின் அக்குளுக்கு அடியில் மேல்நோக்கிப் போய், அவருடைய மேற்கை உங்கள் கைமடிப்பில் ஆழமாக உட்கார வேண்டும். முன்கையில் உட்கார்ந்தால் உருவிக்கொண்டு போய்விடும்.

உச்சிகோமியில், அதாவது எறியாமல் நுழைந்து நுழைந்து திரும்புகிற பழக்கத்தில், பத்துப் பத்தாக ஐந்து தடவை போதும். ஒவ்வொரு பத்தாவதையும் எறிந்து முடியுங்கள். நூறு, இருநூறு என்று எண்ணிக்கையைக் கூட்டினால் ஐம்பதுக்கு மேல் இழுப்பு செத்துவிடும், திரும்புவது மட்டும் நடக்கும், உடம்பு அந்தத் தப்பையே மனப்பாடம் செய்யும். வாரத்தில் இரண்டு நாள் மூன்றாவது ஆள் ஒருவர் பின்னால் நின்று எதிராளியின் பெல்ட்டைப் பிடித்துக்கொள்ளட்டும். அவரையும் சேர்த்து அசைக்க முடிகிற அளவுக்கு இழுப்பு வரவேண்டும். எறிந்து பழகத் தடித்த மெத்தை போட்டுக்கொள்ளுங்கள். நின்று எறிகிற செயோயில் விழுகிறவர் உயரத்திலிருந்து வருகிறார், விழப் பழகாத புதியவரை இதற்கு நிறுத்தாதீர்கள். எறிகிறவர் கடைசி வரை இடது கையை விடாமல் மேலே இழுத்துப் பிடித்தால்தான் அவர் தலையில் படாமல் முதுகில் விழுவார்.

வழக்கமான நுழைவு ரன்டோரியில், எதிர்க்கிற ஆளிடமே பலிக்கத் தொடங்கியபின் வலது காலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுபோகலாம். ஒரேயடியாகக் கோகாவின் அகலத்துக்குப் போகாமல், முதலில் பாதி. இடது முழங்கால் இடது பாதத்தின் விரல்கள் பார்க்கிற திசையிலேயே மடங்குகிறதா என்று யாரையாவது பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். உள்பக்கம் சாய்ந்தால் அன்றைக்கு அகலத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். முழங்காலில் ஏற்கனவே தளர்ச்சி உள்ளவர்கள் இந்தப் பிளந்த நுழைவை விட்டுவிட்டு, இடது கையின் காலர் பிடியை மட்டும் எடுத்துக்கொண்டு பாதங்களை உள்ளேயே வைத்து வீசலாம். கோகாவின் வீச்சில் பாதிக்கு மேற்பட்ட பலம் அந்தப் பிடியில்தான் இருக்கிறது.